வத்தல் குடோனில் ஓடிய இரண்டாம் பாகம்

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் டைரக்டர் ஞானசிகாமணி. அதற்குப் பிறகுதான் ஊர், அதற்கும் பிறகுதான் என் சித்தப்பா மகன் குருவையா. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் நான் குருவையாவின் மேல்தான் கோபமாக இருக்கிறேன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் மூன்றாவது ஆள்.

ஞானசிகாமணி மேலச்சூரன்பட்டிக்கு வந்த வருஷம் என் மீசை கறுப்பாக இருந்தது. 'வெண்கலக் கதவு' என்ற படத்துக்காகக் கதாநாயகனையும் கதாநாயகியையும் மட்டும் மெட்ராசிலிருந்து காரில் கூட்டிவந்த அவர், மற்ற எல்லா வேஷத்துக்கும் எங்களையே நிறுத்தினார். கொல்லனாகக் கொல்லன் நடித்தான், நாட்டாமையாக நாட்டாமை தவசிலிங்கம் நடித்தார், ஆடாக எங்கள் ஆடுகள் நடித்தன. எங்கள் ஊர் அம்மனின் நகைப்பெட்டி வருஷம் முழுக்க நாட்டாமை வீட்டில் இருக்கும், பங்குனிப் பொங்கலன்று காலையில் அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகிற உரிமை எங்கள் வீட்டுக்கு. என் தாத்தா சுமந்தார், அப்பா சுமந்தார், நான் சுமந்துகொண்டிருந்தேன். இதைக் கேள்விப்பட்ட ஞானசிகாமணி, "அப்ப படத்துலயும் பெட்டி தூக்குறவரா நீங்களே வாங்கண்ணே, அந்த நடை வேற யாருக்கு வரும்" என்றார். வந்தேன். படத்தில் அந்த ஆள் பெட்டியைத் திறந்து அம்மனின் தாலிப்பொட்டை எடுத்து மடியில் கட்டிக்கொள்வான், உடனே கோயிலின் வெண்கலக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், ஊரில் மழை நின்றுபோகும். நான் மாட்டேன் என்றேன்.

"அது திருட்டு இல்லண்ணே," என்றார். "கணக்குப்பிள்ளை திருடப் பாக்குறான், நீங்க அதைக் காப்பாத்த மடியில ஒளிச்சு வைக்கிறீங்க. பின்னாடி ஒரு சீன்ல எல்லாம் தெரிஞ்சு ஊரே உங்களைக் கும்பிடும்."

அந்த சீனையும் எடுத்தார். உச்சி வெயிலில் ஊரே என்னைக் கும்பிட்டது. படம் நீளமாகிவிட்டதென்று பிறகு அதை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டார்.

கனகவேல் டாக்கீஸில் முதல் காட்சிக்கு என் பெண்சாதி ஆவுடையைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, ஊர் என்னைக் கும்பிடுகிற இடம் இப்போது வரும் இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே கதவு சாத்திக்கொண்டது, புழுதி பறந்தது, திரையில் வணக்கம் போட்டுவிட்டார்கள். விளக்குப் போட்டதும் ஊர் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஞானசிகாமணியிடம் போய்க் கேட்டேன். "நீளம் ஜாஸ்தி ஆயிருச்சுண்ணே, ரெண்டாம் பாகத்துல வச்சிர்றேன்" என்றார். மெட்ராசுக்குப் போனார், இரண்டாம் பாகம் எடுக்கவில்லை, செத்தும் போனார்.

அடுத்த பங்குனியில் பெட்டி எடுக்கப் போனபோது நாட்டாமை தவசிலிங்கம் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வெயிலுமுத்து, இந்த வருசம் குருவையா தூக்கட்டும்ப்பா."

"ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல. சனங்க ஒரு மாதிரியாப் பாக்குறாக."

"அது நடிப்பு மாமா. நீங்களும் பக்கத்துலதான நின்னீக? பெட்டி அட்டை, பொட்டு கவரிங்."

"எனக்குத் தெரியாதா? நடிப்புதான். ஆனா பாத்துட்டோமேப்பா. பாத்ததைப் பாக்காததா ஆக்க முடியுமா?"

குருவையா ஓரமாக நின்று, "நான் கேக்கலண்ணே, அவுகளாக் கூப்ட்டாக" என்றான். கேட்காதவன் கோடி வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். அந்த வருஷமும் அவன்தான் தூக்கினான், அதற்கடுத்த வருஷமும் அவன்தான், அவன் மீசை நரைக்கிறவரைக்கும் அவன்தான். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். நான் பக்கத்தில் போனால் பொம்பிளைகள் பேச்சை நிறுத்தாமலே கை மட்டும் தாலிக்கயிற்றுக்குப் போகும். யாரும் என்னை வையவில்லை, யாரும் என்னைத் திருடன் என்று சொன்னதில்லை. அந்தக் கை மட்டும் போகும்.

வீட்டுக்கு வீடு டிவி வந்தபிறகு கனகவேல் டாக்கீஸில் ஈ ஆடியது, மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், நாற்காலிகள் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயின, கட்டடத்தை மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவர் வாங்கிக் குடோன் ஆக்கினார். வெள்ளையடித்த திரைச்சுவரை மட்டும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதன் கீழே பொம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளுவார்கள், ஆவுடையும் அதில் ஒருத்தி. ஒரு மாசி மாதம், முன்பு மேட்னி தொடங்குகிற அதே நேரத்தில், மிஷின் இல்லாமல், கரண்டு இல்லாமல், அந்தச் சுவரில் 'வெண்கலக் கதவு – இரண்டாம் பாகம்' என்று எழுத்து விழுந்தது. பொம்பிளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள், மறைத்த மூட்டையை நகர்த்திப் போட்டார்கள், மறுபடி காம்பு கிள்ள ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் ஆவுடை வந்து கைகழுவிக்கொண்டே சொன்னாள், "இன்னைக்கு ரெண்டாம் பாகம் ஓடுச்சுங்க."

"எது?"

"அதான், உங்க படம்."

"யாரு எடுத்தா?"

"யாரும் எடுத்த மாதிரித் தெரியல. அதுவா ஓடுது. என்ன, குடோன் கதவைச் சாத்திக்கிட்டா காம்பு கிள்ள வெளிச்சம் பத்தல."

"நான் வந்தேனா?"

"இன்னும் வரல. நாளைக்கு வருவீகளோ என்னமோ."

அது தினமும் கொஞ்சமாக ஓடியது. மத்தியானம் தொடங்கும், ஆடு திரும்புகிற நேரத்துக்கு நிற்கும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து போகும். ஊர் அதற்குத் தகுந்தாற்போல் தன்னை மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பரீட்சையைக் காலைக்கு மாற்றினார்கள். மூட்டைகளை வரிசையாக அடுக்கி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், நாட்டாமைக்குக் குண்டு வத்தல் மூட்டை, ஏனென்றால் சம்பா வத்தல் மூட்டை குத்தும். நெடி தாங்காமல் முதலில் எல்லாரும் தும்மினார்கள், பிறகு ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டார்கள், பிறகு சண்டைக் காட்சியில் தும்மிக்கொள்ளவும் சோகக் காட்சியில் அடக்கிக்கொள்ளவும் பழகிவிட்டார்கள். மின்சார ஆபீசிலிருந்து வந்தவர் எந்தக் கம்பியிலிருந்து திருடுகிறார்கள் என்று சுவரைச் சுற்றிச் சுற்றித் தேடி, கம்பியே இல்லை என்று கண்டதும் ஒரு மூட்டையில் உட்கார்ந்து முழுதும் பார்த்துவிட்டுப் போனார். செத்துப்போன கொல்லன் சுவரில் நரைத்த தலையோடு வந்து பட்டறையில் உட்கார்ந்தபோது அவன் பிள்ளைகள் ஓடிப்போய் மாலை வாங்கிவந்து சுவரில் மாட்டினார்கள், பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சத்தம் போட்டதால் கழற்றிக்கொண்டார்கள்.

டீக்கடையில் தினமும் ஒரே தர்க்கம். முதல் பாகத்துக்குக் கைதட்டியே கை காய்த்தவர்கள், "ரெண்டாம் பாகம்னு வந்து எது உருப்பட்டுச்சு? நேத்து ரசத்துல தண்ணி ஊத்துற கதைதான்" என்றார்கள். டீ ஆற்றிக்கொண்டே சீனிச்சாமி சொன்னான், "அப்படி இல்ல அண்ணாச்சி. முதல் படத்துல இவன் யாரு, இவ யாருன்னு சொல்லி முடிக்கவே பாதிப் படம் போயிருது. இதுல அந்த வேலை மிச்சம். எல்லாரும் இம்புட்டு வருசம் வாழ்ந்துட்டுல்ல வந்து நிக்கிறாக?"

"அப்ப மூத்த புள்ளை மட்டமா?"

"மூத்தது அப்பன் சாயல்ல பிறக்கும். ரெண்டாவதுதான் தன் சாயல்ல பிறக்கும்."

நான் மூணாம் வகுப்பைத் தாண்டாதவன், ஆனாலும் எனக்குப் படம் பார்க்கத் தெரியும். முதல் பாகத்தில் எல்லாரும் கத்தினார்கள், இரண்டாம் பாகத்தில் பேசினார்கள். முதல் பாகத்தில் கதவு சாத்துகிற சத்தத்துக்கு டாக்கீஸே அதிரும், இரண்டாம் பாகத்தில் அந்தக் கதவின் கீலில் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது, அதைப் பார்த்தாலே எத்தனை காலமாகத் திறக்கவில்லை என்று தெரிந்தது. முதல் பாகத்தில் ஆடிப் பாடிய கதாநாயகி இரண்டாம் பாகத்தில் வற்றிய கிணற்றில் வாளியை விட்டு இழுக்கிறாள், கயிறு வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, அத்தனை நெடியிலும் குடோனில் ஒருத்தர் இருமவில்லை. பகையாளியானாலும் நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்லவேண்டும். அது முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

கோமதி என்று ஒரு பெண். முதல் பாகத்தில் கல்யாணத்தன்று ஓடிப்போகிற பெண்ணாக ஒரு நிமிஷம் வந்துவிட்டு, அதனாலேயே நிஜத்தில் பெண் கேட்க ஆள் வராமல் அண்ணன் வீட்டிலேயே தலை நரைத்தவள். இரண்டாம் பாகத்தில் அவள் முன்பல் விழுந்த ஒரு புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். கொஞ்சநாளில் கீழச்சூரன்பட்டியிலிருந்து பொண்டாட்டி செத்த, முன்பல் விழுந்த ஒருவர் பெண் கேட்டு வந்தார். "முட்டி வலிக்கிற காலத்துல எனக்கு எதுக்குய்யா கல்யாணம்" என்றாள் கோமதி. "பாத்துட்டோமே தாயி" என்றது ஊர். தாலி கட்டினபோது அவள் சுவரில் சிரித்த மாதிரியே சிரித்தாள். நான் அந்தப் பந்தியில் சாப்பிட்டேன். பாயசம் விடும்போதுதான் எனக்குத் தோன்றியது, என் வழக்குக்கும் இதுதான் நேரம்.

அந்த வாரமே கூட்டம் கூட்டச் சொன்னேன். கோயில் முன்னால் ஊர் உட்கார்ந்தது. நான் எழுந்து நின்று கேட்டேன், "முதல் பாகத்தைப் பாத்துத்தான என்கிட்ட இருந்து பெட்டியை எடுத்தீக? ரெண்டாம் பாகம் வேற சொன்னா?"

தவசிலிங்கத்துக்கு அப்போதே காது மந்தம், ஆனாலும் தாடையைத் தடவிக்கொண்டு சரியாகத்தான் பதில் சொன்னார். "ஒரே நிலத்துக்கு ரெண்டு உயில் இருந்தா பிந்தினதுதான செல்லும்? இதுக்கும் அதுதான்."

"அப்ப அதைச் சபையில சத்தியமாச் சொல்லுங்க மாமா. கடைசி ரீல் வரைக்கும் அது என்ன சொல்லுதோ அதுதான் ஊருக்கும் எனக்கும்."

"வெயிலுமுத்து, யோசிச்சுக்கோ," என்றான் சீனிச்சாமி. "நீ இன்னும் வரவே இல்ல."

"வருவேன்."

குருவையா, "அண்ணன் சொன்னா எனக்குச் சரி" என்றான். சூடம் கொளுத்தி அணைத்தோம். இவ்வளவு நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தவனுக்கு நியாயம் தெரியாமல் போகாது என்று நான் நினைத்தேன். குருவிக்கூட்டைக் காட்டத் தெரிந்தவன், கயிற்றைக் கடைசிவரைக்கும் காட்டத் தெரிந்தவன், வெட்டிப்போட்ட ஒரு சீனை எடுத்து ஒட்டமாட்டானா என்று நினைத்தேன்.

பங்குனிப் பொங்கலுக்குச் சாட்டியிருந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் வந்தேன்.

கண்மாய்க் கரைமேல் தூரத்திலிருந்து ஓர் ஆள் நடந்துவந்தான். நரைத்த மீசை, அந்தத் தை மாதம் சந்தையில் நான் வாங்கிய அதே துண்டு. நான் எந்தக் கேமிராவுக்கு முன்னாலும் அந்தக் கரையில் நடந்ததில்லை, ஆனால் அது என் நடைதான், தலையில் பெட்டி இல்லாதபோதும் பெட்டி இருக்கிற நடை. பக்கத்தில் இருந்தவர் என் தொடையைத் தட்டி, "எப்ப ஷூட்டிங் போனீக?" என்றார். சுவரில் இருந்தவன் வெண்கலக் கதவின் முன்னால் வந்து உட்கார்ந்தான். வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். நான் அப்படிச் சும்மா உட்கார்ந்து நடிக்கிற ஆளை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு மடியை அவிழ்த்து, கந்தல் துணியில் சுற்றிய பொட்டை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டு, முதல் பாகம் முழுவதும் ஒரு வசனம்கூடக் கொடுக்கப்படாத அந்த ஆள், என் குரலில் பேசினான்.

"எடுத்தது நான்தான் தாயே. பசிக்கு எடுக்கல. தலையிலயே சுமந்தேன், ஒருநாளாவது மடியில இருக்கட்டும்னு எடுத்தேன். ஊரு என்னை மன்னிக்கணும்."

கதவு சத்தமில்லாமல் திறந்தது. குருவி பறந்தது. மழையைக் காட்டவில்லை, மண் நனைகிற வாசனை மட்டும் வத்தல் நெடிக்கு மேலே குடோன் முழுவதும் வந்தது. ஊர் அழுதது. காம்பு கிள்ளின கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் இன்னும் அழுதது. நானும் அழுதேன். அப்படி ஒரு நடிப்பு. திரையில் வணக்கம் விழுந்தது, சுவர் சுவரானது, அதன் பிறகு இன்றுவரைக்கும் அதில் பல்லிதான் ஓடுகிறது.

யாரோ குடோன் கதவைத் திறந்தார்கள். எல்லாரும் என்னிடம் வந்தார்கள். தவசிலிங்கம் தடியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

"இத்தனை வருசமா மனசுல வச்சுப் புழுங்கிட்டியேப்பா. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மன்னிச்சிருக்க மாட்டோமா?"

"நான் எடுக்கல மாமா."

"போகட்டும் விடு. மன்னிச்சாச்சு."

"எடுக்கவே இல்லன்னு சொல்றேன்."

"அதான் மன்னிச்சாச்சேப்பா!"

காது மந்தமானவரிடம் கத்தினேன், கத்தினது அழுகையாக அவருக்குப் பட்டிருக்கவேண்டும், முதுகைத் தட்டிக்கொடுத்தார். பொம்பிளைகள் கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கையும் தாலிக்குப் போகவில்லை. குருவையா என் காலில் விழுந்தான். "இவ்வளவு பெரிய மனசா உனக்கு! பெட்டி உன்னோடதுதாண்ணே. இனிமே நான் தொடமாட்டேன்."

பொங்கலன்று காலையில் மேளத்தோடு வந்து என்னை அழைத்துப் போனார்கள். நாட்டாமை வீட்டு முற்றத்தில் மணைப்பலகை போட்டு, கோலமிட்டு, அதன்மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். அதன் மூலையில் என் தாத்தா காலத்துச் செம்புத் தகடு இன்னும் இருந்தது. கை நீட்டினேன்.

"தொடுறதுக்கு முன்னாடி ஒருதரம் சொல்லிருப்பா," என்றார் தவசிலிங்கம். "சுவத்துல சொன்ன அதே வார்த்தை. அம்மன் நேர்ல கேக்க வேண்டாமா?"

கையை எடுத்துக்கொண்டேன். "முதல்ல ஊரு என்கிட்டக் கேக்கட்டும் மாமா. அப்புறம் தூக்குறேன்."

அவர் மகன் அதை அவர் காதில் கத்திச் சொன்னான். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். "எதைக் கேக்க?"

"மன்னிப்பு."

"அதான் அன்னைக்கே குடுத்துட்டோமே?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், கேலியாக அல்ல, கூச்சப்படுகிற மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "நீதானப்பா சூடம் அணைச்சுச் சொன்ன, கடைசி ரீல் வரைக்கும் அது சொல்றதுதான்னு," என்றார் தவசிலிங்கம். கண்ணில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். வெயில் முற்றத்துக்கு வந்தது, பெட்டிக்கு வந்தது, என் தோளுக்கு வந்தது. அவர்கள் நான் சொல்வதற்காக நின்றார்கள், நான் அவர்கள் சொல்வதற்காக நின்றேன். கடைசியில் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஆவுடை அடுப்பங்கரையில் இருந்தாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூக்கினா என்னங்க? சுவத்துல எம்புட்டு அழகாச் சொன்னீக. நீங்களே அழுதீகளே."

"அழுதேன். அந்த ஆளுக்காக அழுதேன். அவன் திருடினவன். நான் திருடல."

அவள் தீயைத் தள்ளினாள். பிறகு, "அவருதான் மனுசன்" என்றாள்.

குருவையா பெட்டியைத் தொட மறுத்துவிட்டான், அண்ணன் சொத்து என்றான். வேறு யாருக்கும் உரிமை இல்லை. அந்த வருஷம் அம்மன் வெறுங்கழுத்தோடு பொங்கல் வாங்கிக்கொண்டாள், அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அதற்காகவும் ஊர் என்னைக் கோபிக்கவில்லை. வயசாயிருச்சு, வெட்கப்படுறாக என்று பேசிக்கொள்கிறார்கள். கல்யாணங்களில் எனக்கு முதல் பந்தி. சீனிச்சாமி என் டீக்கு மட்டும் சீனி தூக்கலாகப் போடுகிறான். திருப்பூருக்கும் சிவகாசிக்கும் வேலைக்குப் போனவர்கள் பொங்கலுக்கு ஊர் வரும்போது விஷயத்தைக் கேள்விப்பட்டு, வெளியூரில் கட்டிவந்த மருமகளையும் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வருகிறார்கள், "பெரியப்பா, அதெல்லாம் மனசுல வச்சுக்காதீக, நாங்க எப்பவோ மறந்துட்டோம்" என்கிறார்கள், ஆவுடை கொடுக்கிற காப்பியைக் குடிக்கிறார்கள், போகிறார்கள். மன்னித்துவிட்டுப் போக ஆள் வந்துகொண்டே இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக இன்னும் ஒருத்தர் வரவில்லை.